முதலில் அனுப்பியவள்

அத்தியாயம் 11

எவரிஸ்தோ அந்த வியாழக்கிழமை காலை குஷியாக இருந்தான். அடுப்பின் முன் நின்று தோர்த்தியா ரொட்டியைத் திருப்பிப் போட்டபடியே மகளைச் சீண்டினான்.

“என்ன காலேஜ் அம்மணி, ஸ்கூல் பஸ்ஸுக்கு நேரமாகலையா?”

நெரெய்டா தட்டில் இருந்த முட்டையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிக்கொண்டிருந்தாள்.

“இடா, உன் மகளைப் பாரு. மே மாசம் காலேஜ் பட்டம் வாங்கப் போறா. அதுக்கு மூணு வாரம் கழிச்சு ஸ்கூல் முடிக்கப் போறா. முதல்ல கல்யாணம், அப்புறம் நிச்சயதார்த்தம். எங்க வம்சத்துல இப்படி ஒரு கூத்து நடந்ததில்ல.”

“அப்பா, இதை நீ முப்பது தடவை சொல்லிட்ட.”

“இது முப்பத்தொண்ணு. ஆமா, அந்தக் கட்டுரைக்கு மார்க் வந்துச்சா? ஜெயிச்சது ஆத்தாளா, மகளா? தோத்தவங்க ஒரு மாசம் பாத்திரம் கழுவணும். நான் மறக்கல.”

அவன் மனைவி இடாலியா குழாயைத் திறந்தாள். கழுவ எதுவும் இல்லை. கழுவிக் கவிழ்த்திருந்த டம்ளரை எடுத்து மறுபடி கழுவினாள்.

“இன்னும் வரலப்பா,” என்றாள் நெரெய்டா. சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

அந்தப் பார்வையைத்தான் இடாலியாவால் தாங்க முடியவில்லை. அதில் கோபம் இருந்தால் பரவாயில்லை. சந்தேகம் இருந்தாலும் பரவாயில்லை. ‘நமக்குள்ள இருக்கட்டும்’ என்ற நம்பிக்கை மட்டுமே அதில் இருந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எவரிஸ்தோ வாய்க்கால் மடையைத் திறக்கப் போயிருந்த நேரம் பார்த்து நெரெய்டா சமையலறைக்கு வந்தாள். ஞாயிறு அன்று அனுப்பிய கட்டுரையைக் கல்லூரியின் மெஷின் பிடித்துவிட்டது என்றாள். நூற்றுக்கு எண்பத்தொரு பங்கு காப்பி என்று வந்திருக்கிறதாம். இதே கல்லூரியில் வேறு யாரோ ஒருவர் முந்தின நாளே அனுப்பிய கட்டுரையோடு ஒத்துப்போகிறதாம். வியாழக்கிழமை பத்தரைக்குப் பேராசிரியர் கூப்பிட்டிருக்கிறார்.

“சத்தியமா நான்தாம்மா எழுதினேன். ஒவ்வொரு வரியும்.”

“ஏதாவது மெஷின் தப்பா இருக்கும் கண்ணு,” என்று இடாலியா சொன்னாள். வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே சொன்னாள். குரல் நடுங்கவே இல்லை. நினைக்க நினைக்க அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. குரல் நடுங்கவே இல்லை.

அந்த வேறு யாரோ இடாலியாதான்.

*

வாசலில் பள்ளிப் பேருந்து நின்றது. நெரெய்டா பையை மாட்டிக்கொண்டு வாசற்படி இறங்கினாள். அவளுடைய பள்ளியில் இருந்து பத்து மணிக்கு இன்னொரு பேருந்து பிள்ளைகளைக் கல்லூரிக்குக் கூட்டிப்போகும். மதியத்துக்குள் திரும்பக் கொண்டுவந்து விடும். பள்ளிப் படிப்போடு கல்லூரிப் பட்டத்தையும் சேர்த்து முடிக்கும் திட்டம் அது; இரண்டு வருடமாக இதே ஓட்டம்.

“நானும் வரட்டுமா?” என்று இடாலியா வாசல்வரை போய்க் கேட்டாள்.

“வேணாம்மா. நீ வந்து அழுதுட்டு நின்னா எனக்குத்தான் கஷ்டம்.”

“நான் எங்கடி அழுதேன்?”

“இப்ப அழப்போற மாதிரிதான் இருக்க.” நெரெய்டா சிரித்தாள். “நான் எந்தத் தப்பும் பண்ணல. பத்து நிமிஷத்துல முடிஞ்சிடும். அப்பாகிட்ட மட்டும் உளறிடாத.”

பேருந்து போனது. தெருமுனையில் வெங்காய லாரி ஒன்று மூட்டைகளோடு திரும்பிற்று. ஏப்ரல் மாதத்தில் இந்தப் பள்ளத்தாக்கு முழுக்க அந்த வாடைதான். துவைத்துக் காயப்போட்ட துணியிலும் இருக்கும்.

இடாலியா தொடக்கப்பள்ளிக்குப் போன் போட்டாள். மழலை வகுப்பில் அவள் ஆசிரியைக்கு உதவியாளாக ஆறு வருடமாக வேலை பார்க்கிறாள். போனை எடுத்தது சக உதவியாள் சாவேலா.

“எனக்கு இன்னைக்குப் பல்வலி. சொல்லிடு.”

“எந்தப் பல்லு?”

“என்னடி கேள்வி இது?”

“டீச்சரம்மா கேட்டா நான் சொல்லணும்ல. மேல் பல்லா, கீழ் பல்லா? போன மாசம் நான் பல்வலின்னு சொல்லிட்டுக் கடைத்தெருவுல மாட்டிக்கிட்டேன். அதுல இருந்து அவ வாயைத் திறந்து காட்டச் சொல்றா.”

“கீழ்ப் பல்லு.”

“குரலே சரியில்லையே. நிஜமாவே வலிக்குதா?”

“வலிக்குது,” என்றாள் இடாலியா. மூன்று நாளில் அவள் சொன்ன முதல் உண்மை அது.

*

அவள் கல்லூரிக்கு வந்துசேர்ந்தபோது மணி பத்து பத்து. வாகனங்கள் நிறுத்தும் இடத்தின் கடைசி வரிசையில், பனைமரத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினாள். இன்ஜினை அணைத்தாள்.

இறங்கவில்லை.

மாவட்டக் கல்வி நிர்வாகம் அவளைப் போன்ற உதவியாட்களைப் படிக்க வைக்கிறது. கல்லூரிப் பாடங்களை முடித்தால் ஆசிரியை வேலை. ஒரு பாடத்தில் தோற்றால் திட்டத்திலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். நாற்பத்திரண்டு வயதில் இன்னொரு வாய்ப்பு வராது. எல்லாப் பாடத்தையும் எப்படியோ தாண்டிவிட்டாள். இந்த ஆங்கிலக் கட்டுரைப் பாடம் மட்டும்தான் கழுத்தைப் பிடித்தது. மகளும் அதே பாடத்தை இதே பருவத்தில் எடுத்தபோது வீட்டில் கொண்டாட்டமாக இருந்தது. மகளுக்கு வகுப்பறையில் ஒரு பேராசிரியர். அம்மாவுக்குக் கணினி வழியே இன்னொருவர். ஆனால் தலைப்புகள் ஒன்றுதான், தேதிகள் ஒன்றுதான். வீட்டில் இருந்த கணினியும் ஒன்றுதான்.

போன வாரத்துத் தலைப்பு: ‘நீங்கள் யாரிடமும் சொல்லாத ஒன்று.’

மூன்று நாள் உட்கார்ந்து இடாலியா எழுதியது ஒரே ஒரு வரி. ‘என் அம்மா அதிகம் பேசமாட்டாள்.’ அதற்குமேல் அவளும் பேசவில்லை, கட்டுரையும் பேசவில்லை.

சனிக்கிழமை மதியம் நெரெய்டா சிநேகிதி வீட்டுக்குப் போயிருந்தாள். கணினியைத் திறந்தபோது மகளின் கட்டுரை திரையில் இருந்தது. படிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியவில்லை.

அது அவளைப் பற்றிய கட்டுரை. அவள் வெங்காயக் கொட்டகையில் வேலை பார்த்த காலத்தைப் பற்றியது. ஐந்தாம் வகுப்பு படிக்கும் நெரெய்டாவை ஒருநாள் சாயங்காலம் அழைத்துப்போக அவள் வேலை உடுப்போடு பள்ளிக்கூடத்துக்கு வந்தது. பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டது. ‘யார் இது?’ என்று ஒருத்தி கேட்க, ‘பக்கத்து வீட்டு அம்மா, எங்கம்மாவுக்கு இன்னைக்கு முடியல’ என்று நெரெய்டா சொன்னது. வண்டியில் ஏறியதும் அம்மா வழக்கம்போல ஆரஞ்சு உரித்துக் கொடுத்தது. அதை நெரெய்டா தின்றது.

இடாலியாவுக்கு அந்த நாள் ஞாபகமே இல்லை. அப்படி எத்தனையோ நாள் ஆரஞ்சு உரித்திருக்கிறாள்.

படித்து முடித்து எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள் என்று தெரியவில்லை. பிறகு அதை அப்படியே எடுத்து, தன் பெயரில் வேறொரு கோப்பில் வைத்தாள். ‘வெங்காயம்’ என்று இருந்த இடத்தில் எல்லாம் ‘முலாம்பழம்’ என்று மாற்றினாள். அவளுடைய அம்மா முலாம்பழக் கொட்டகையில் வேலை பார்த்தவள். ஐந்தாம் வகுப்பை மூன்றாம் வகுப்பு ஆக்கினாள். ஒரு சில வரிகளைத் தனக்கு வரும் ஆங்கிலத்தில் கெடுத்தாள். அனுப்பினாள்.

ஞாயிறு இரவுதான் கடைசிக் கெடு; அதுவரை மாற்றி அனுப்பலாம் என்று விதி இருந்தது. இடம் பிடிக்கத்தான் இது, நாளைக்கு என்னுடையதை எழுதி அதன்மேல் போட்டுவிடுவேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் வீட்டு ஞானஸ்நானம். அங்கே கரி அடுப்பின் பக்கத்தில் நின்று தட்டு தட்டாக இறைச்சி பரிமாறினாள். திரும்பி வந்ததும் கணினியைத் திறந்தாள். அந்த ஒற்றை வரியைப் பார்த்தாள். மூடிவிட்டாள்.

மறந்துபோனேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் மூடியது ஞாபகம் இருக்கிறது. அந்தச் சின்னச் சத்தம்கூட.

நெரெய்டா அதே ஞாயிறு மாலை, கடைசி எழுத்துவரை சரிபார்த்துத் தன் கட்டுரையை அனுப்பினாள். எது முந்தி வந்ததோ அது அசல், பிந்தி வந்தது நகல். மெஷினுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மணி பத்தரை ஆயிற்று. பள்ளிப் பேருந்து வந்ததையும் பிள்ளைகள் இறங்கியதையும், நெரெய்டா தனியாக நடந்து கட்டடத்துக்குள் போனதையும் இடாலியா கண்ணாடி வழியே பார்த்தாள். கதவின் கைப்பிடியில் கை வைத்தாள். எடுத்தாள்.

இப்போது உள்ளே போனால் மகளுக்குப் பட்டம், எனக்கு ஒன்றுமில்லை. போகாவிட்டால்? அவளுக்குப் பதினேழு வயது. இன்னும் எத்தனையோ வருடம் இருக்கிறது. அவள் கெட்டிக்காரி, மறுபடி எழுதிவிடுவாள்.

இந்த நினைப்பு எங்கிருந்தோ வரவில்லை. அவளே நினைத்தாள். முழுசாக நினைத்தாள்.

பத்து ஐம்பதுக்கு இறங்கினாள்.

*

முன்மேசையில் இருந்த பெண்ணுக்கு இருபது வயதுகூட இருக்காது.

“நெரெய்டா கந்தூ. பேராசிரியர் ட்ரெஹோவோட பேசிக்கிட்டு இருக்கா. நான் உள்ள போகணும்.”

“நீங்க?”

“அவளோட அம்மா.”

அந்தப் பெண் கணினியில் எதையோ பார்த்தாள். முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டாள். “மன்னிச்சுக்கோங்க மேடம். அவங்க காலேஜ் மாணவி. அவங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்தாத்தான் அவங்க விஷயத்தை நாங்க உங்ககிட்ட பேச முடியும். அவங்க போடல.”

“அவளுக்குப் பதினேழு வயசு. இன்னைக்குக் காலையில அவளுக்குச் சாப்பாடு கட்டிக் குடுத்தது நான்தான்.”

“புரியுது மேடம். ஸ்கூல்ல கேட்டீங்கன்னா சொல்லுவாங்க. இங்க விதி வேற.”

“காய்ச்சல் மாத்திரைக்கு நான் கையெழுத்துப் போடணும். சுற்றுலா போக நான் கையெழுத்துப் போடணும். இதுக்கு மட்டும் அவளா?”

“நானும் அப்படித்தான் மேடம் இங்க படிச்சேன். எங்கம்மாவும் இதே இடத்துல நின்னு கத்தினாங்க.” அந்தப் பெண் மெல்லச் சிரித்தாள். “உட்காருங்க. அவங்க வந்துடுவாங்க.”

உட்காரலாம். நாற்காலி இருந்தது. விதியே தடுத்துவிட்டது, நான் என்ன செய்ய? வீட்டுக்குப் போய் மகளைக் கட்டிக்கொண்டு அழலாம். யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

இடாலியா நாற்காலியைப் பார்த்தபடி கொஞ்சநேரம் நின்றாள். அந்தப் பெண் தன் வேலைக்குத் திரும்பிவிட்டாள். சுவர்க் கடிகாரம் ஓடியது.

“நான் அவ அம்மாவா வரல,” என்றாள்.

“மேடம்?”

“நானும் இங்கதான் படிக்கிறேன். இடாலியா கந்தூ. பாருங்க, பேர் இருக்கும். அதே பாடம். அவரு கையில இருக்கிற கட்டுரை என்னோடது. அதைப் பத்தி அவர்கிட்ட பேசணும். அதுக்கு யார் கையெழுத்து வேணும்?”

அந்தப் பெண் கணினியில் பார்த்தாள். பிறகு இடாலியாவை, இம்முறை நிதானமாகப் பார்த்தாள். போனை எடுத்து உள்ளே பேசினாள்.

“இடது பக்கம் மூணாவது அறை,” என்றாள். ‘மேடம்’ என்று சொல்லவில்லை.

*

சின்ன அறை. மேசைக்கு அந்தப் பக்கம் ட்ரெஹோ. நரைத்த மீசை, களைத்த கண்கள். இந்தப் பக்கம் நெரெய்டா. மேசைமேல் இரண்டு கட்டுரைகள் பக்கம் பக்கமாகக் கிடந்தன. ஒரே மாதிரி வரிகளில் எல்லாம் மஞ்சள் பூசியிருந்தது. ஒன்றில் எழுதியவர் பெயரைக் கறுப்பாக அடித்திருந்தார்கள்.

நெரெய்டா திரும்பிப் பார்த்தாள். அவள் ஆச்சரியப்படவில்லை. அதிலேயே இடாலியாவுக்குப் புரிந்துவிட்டது. முலாம்பழம் என்ற சொல்லை மகள் பார்த்துவிட்டாள்.

“உட்காருங்கம்மா,” என்றார் ட்ரெஹோ. “உங்க மக இப்பத்தான் எல்லாத்தையும் ஒத்துக்கிட்டா. யாரோட கட்டுரையோ நூலகக் கணினியில கிடந்துச்சாம், அதைப் பார்த்து எழுதிட்டாளாம். கையெழுத்தும் போட்டுட்டா. எனக்கே வருத்தமா இருக்கு. நல்ல பொண்ணு.”

மேசையின் ஓரத்தில் தனியாக ஒரு தாள். அடியில் நெரெய்டாவின் கையெழுத்து, மை காயாத மாதிரி பளபளத்தது.

“பொய் சார்,” என்றாள் இடாலியா. “எழுதினது அவ. திருடினது நான்.”

“அம்மா!”

“சனிக்கிழமை மூணு பத்துக்கு அனுப்பினேன்.”

நெரெய்டா அவளைப் பார்க்காமல் பேராசிரியரிடம் சொன்னாள். “சார், இவங்க எங்கம்மா. என்னைக் காப்பாத்துறதுக்கு எது வேணாலும் சொல்லுவாங்க. நம்பாதீங்க.”

ட்ரெஹோ ஒருவரை மாற்றி ஒருவரைப் பார்த்தார்.

அந்த ஒரு கணம் இடாலியாவின் நெஞ்சுக்குள் ஏதோ லேசானது. கதவு இன்னும் திறந்துதான் இருக்கிறது. வாயை மூடிக்கொண்டால் போதும். பெற்ற பாசத்தில் உளறிய தாய் என்று அவரே முடிவு செய்துகொள்வார். அந்த லேசான உணர்வு எத்தனை இதமாக இருந்தது என்பது அவளுக்குத் தெரிந்தது. அப்படித் தெரிந்ததுதான் பிற்பாடு பல நாள் அவளை உறங்கவிடாமல் செய்யப்போகிறது.

“சரி,” என்றார் ட்ரெஹோ மெதுவாக. கறுப்பு அடித்த தாளைத் தன் பக்கம் இழுத்தார். “இதுல ஒரு முலாம்பழக் கொட்டகை வருது. அது யாரோட அம்மா வேலை பார்த்த இடம்?”

வெளியே தாழ்வாரத்தில் யாரோ சிரித்துக்கொண்டே போனார்கள். சிரிப்பு மறையும்வரை மூவரும் காத்திருந்தார்கள்.

“என்னோட அம்மா,” என்றாள் இடாலியா. “அவ ஸ்கூலுக்கு ஒரு நாளும் வந்ததில்ல. அந்தச் சம்பவம் எனக்கு நடக்கவே இல்ல. எங்கம்மாவைப் பத்தி எழுத எனக்கு ஒரே ஒரு வரிதான் வந்துச்சு.”

ட்ரெஹோ தாளின் மேல்மூலையைப் பார்த்தார். சனி, மூன்று மணி பத்து நிமிடம். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“நீங்க அரை மணி முன்னாடி வந்திருந்தாக்கூட இவ்வளவு சிக்கல் இல்ல. நேத்தே வந்திருந்தா ஒண்ணுமே இல்ல,” என்றார். “இவ கையெழுத்துப் போட்டதை அப்பவே கணினியில ஏத்திட்டேன். எனக்கு அதை எடுக்க அதிகாரமில்ல. இனிமே இது விசாரணைக் குழுவுக்குப் போகும். உங்க விஷயம் ஒரு வழக்கு. இவ பொய்யா ஒத்துக்கிட்டது இன்னொரு வழக்கு. அது நேர்மைக்கு விரோதம்தான், நல்ல எண்ணத்துல செஞ்சாலும்.”

“அவளோட பட்டம்?”

“திங்கட்கிழமை குழு கூடும். தனித்தனியாக் கூப்பிடுவாங்க. அதுவரைக்கும் நிறுத்தி வைப்பாங்க.” அவர் நெரெய்டாவைப் பார்த்தார். “ஏம்மா இப்படிப் பண்ணின?”

நெரெய்டா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

*

தாழ்வாரத்தில் மகள் முன்னால் நடந்தாள். இடாலியா நான்கடி பின்னால். கதவைத் தாண்டி வெயிலுக்கு வந்த பிறகுதான் நெரெய்டா நின்றாள். பேருந்து கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. ஜன்னலில் இருந்து யாரோ ஒருத்தி “நெரே, சீக்கிரம்டி!” என்று கத்தினாள்.

“அப்பாகிட்ட நான் சொல்லிடறேன்,” என்றாள் இடாலியா.

“வேணாம். நான் சொல்றேன். நீ சொன்னா பாதியைச் சொல்லுவ.”

அடி விழுந்த மாதிரி இருந்தது. ஆனால் நெரெய்டா கோபமாகச் சொல்லவில்லை. அலுத்துப்போய்ச் சொன்னாள்.

“கண்ணு, நான்...”

“நீ அதை முழுசாப் படிச்சியா?”

“எதை?”

“நான் எழுதினதை. மாத்தறதுக்கு முன்னாடி. உன்னைப் பக்கத்து வீட்டு அம்மான்னு நான் சொன்னது, அதுக்கப்புறம் வண்டியில நடந்தது, எல்லாத்தையும்?”

“படிச்சேன்.”

நெரெய்டா தலையாட்டினாள். கண்கள் நிறைந்திருந்தன, ஆனால் வழியவில்லை. “ஏழு வருஷமா அதை உன்கிட்ட சொல்லணும்னு நினைச்சிருக்கேன். வாயில வரல. அதான் எழுதினேன். மார்க் வந்ததும் உன் கையில குடுக்கலாம்னு இருந்தேன்.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “படிச்சு முடிச்சதும் உனக்கு என்னம்மா தோணுச்சு? என் மேல கோவம் வந்துச்சா? அழுதியா? முதல்ல என்ன தோணுச்சு?”

அழுதேன் என்று சொல்லியிருக்கலாம். மகள் நம்பியிருப்பாள். நம்பத்தான் நின்றுகொண்டிருந்தாள். ஓட்டுநர் ஹாரனை அழுத்தினார், இரண்டு முறை. இருவரும் அசையவில்லை.

“நாளைக்குக் கடைசி நாள்னு தோணுச்சு,” என்றாள் இடாலியா.